இரண்டு கவுண்டர், ஒரே நோட்டு

1

வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அடுப்பை இரண்டு தடவை பார்ப்பேன், கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். பாஸ்போர்ட்டை எத்தனை தடவை தொட்டுப் பார்ப்பேன் என்று எனக்கே தெரியாது. என் தம்பி பாபு சொல்வான், "உன்ன மாதிரி ரெண்டு பேர் இருந்தா ஏரோப்ளேன் தரையிலயே நின்னுகினு இருக்கும்க்கா." இருக்கலாம்.

ஆனால் இந்த ஆடியில், அப்பா போய் ஒரு வருஷம் நிறைகிறது என்று ஜெர்மனியிலிருந்து சென்னைக்குக் கிளம்பியபோது, பார்க்கவேண்டிய ஒன்றைப் பார்க்காமல் வந்துவிட்டேன். அடுப்பு இல்லை, கதவும் இல்லை. என் கையால் எழுதிய ஒரு கோப்பு. அது எனக்கு உறைத்தது நாலு நாள் கழித்து, தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் டெலிவரி கவுண்டர் முன்னால் நின்றபோது. அப்போது சென்னையில் மணி பத்தே முக்கால். ஒன்றரை மணிக்குள் அதைச் சரிசெய்யாவிட்டால் பிரெமன் நகரத்து மருத்துவமனை ஒன்றில் யாராவது ஒரு நோயாளிக்கு ஒரே மருந்து இரண்டு முறை போகலாம்.

அந்தத் திங்கட்கிழமையைப் பற்றித்தான் எழுதுகிறேன். இங்கிருந்து அங்கே போன எங்கள் வாழ்க்கையில் பனியும் சம்பளமும் மட்டும்தான் இருக்கிறது என்று சிலர் நினைக்கிறீர்கள்.

2

நான் ஒன்பதாவதோடு நின்றவள். அடையாறு ஆற்றோரம் எங்கள் வீடு இருந்தது. பிறகு அந்த வரிசையையே எடுத்துவிட்டு எங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டார்கள். அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாறவேண்டும், வேலைக்குப் போனாலும் அதே இரண்டு பஸ். எங்கள் வீட்டில் வேலை ஜெயித்தது.

தி.நகர் பெரிய கடையில் துணி எடுத்தவர்களுக்கு இது தெரியும். மூன்றாவது மாடியில் ஒரு புடவை பிடித்துப்போய் எடுத்து வைப்பீர்கள். புடவை உங்கள் கைக்கு வராது, ஒரு சீட்டு வரும். சீட்டோடு நீங்கள் பணம் கட்டப் போவீர்கள், புடவை வேறு வழியில் கீழே இறங்கும். கடைசியில் நீங்களும் அதுவும் தரைத்தளத்தில் டெலிவரி கவுண்டரில் சந்திப்பீர்கள். நடுவில் ஏழெட்டுக் கை மாறியிருக்கும். அந்தச் சந்திப்பு தப்பாமல் நடக்கவேண்டும், அதுதான் அங்கே எங்கள் வேலை.

கவுண்டரில் ஒரு பழக்கம் உண்டு. கூவுறது என்போம். ஒருத்தி பில்லை வரி வரியாகச் சத்தமாகப் படிப்பாள். இன்னொருத்தி துணியைத் தொட்டுப் பார்த்து, "டிக்" என்று சொல்லிப் பென்சிலால் கோடு போடுவாள். பொட்டலம் கட்டியவளே அதற்கான பில்லைக் கூவக்கூடாது. என்னோடு அதே வாரம் வேலைக்குச் சேர்ந்த பரிமளா இதை முதல் மாதத்திலேயே கண்டுபிடித்துச் சொன்னாள்: "நீ கட்டினத நீயே படிச்சா இருக்கறத படிக்க மாட்டடி. இருக்குதுன்னு நெனச்சுகினு இருக்கறத படிப்ப."

இன்னொரு பழக்கம், கொடுத்தாச்சு நோட்டு. பொட்டலம் கை மாறியதும் பில் நம்பரை அதில் எழுதிவிடவேண்டும். அதே பில்லை மறுபடி யாராவது நீட்டினால் நோட்டு காட்டிக்கொடுத்துவிடும். ஆறு வருஷம் அந்த நோட்டோடு கழித்தேன். இன்றைக்கு நான் செய்கிற வேலையும் அதுதான் என்று சொன்னால் என் மேலாளர் ஹைக்கே சிரிப்பார். ஆனால் அதுதான்.

3

கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது பில் அறைக்கு மாற்றினார்கள். அங்கிருந்து தரமணியில் கடைகளுக்கான மென்பொருள் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் சோதனை செய்யும் வேலை. மற்றவர்கள் எழுதிய கம்ப்யூட்டர் நிரலை, எங்கள் பேச்சில் கோடை, படித்துப் படித்தே எழுதக் கற்றுக்கொண்டேன். கல்யாணம் ஆனது. என் கணவர் சேகர் நர்ஸ். அவருக்குப் பிரெமனில் வேலை கிடைத்து, நாலு வயது அனுவைக் கூட்டிக்கொண்டு நானும் போனேன். பதினொரு வருஷம் ஆகிறது.

முதல் சில வருஷங்கள் ஒரு சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடித்தேன். நடுவில் மொழி வகுப்பு, கம்ப்யூட்டர் வகுப்பு. ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒரு படிவம், ஒவ்வொரு படிவத்திலும் அதிகபட்சக் கல்வி என்று ஒரு கட்டம். ஒன்பதாவது என்று எழுதினேன். அதற்குச் சான்று கொண்டுவா என்றார்கள். பாபு என் பழைய பள்ளிக்கு மூன்று தடவை நடந்தான். பதிவேடு வெள்ளத்தில் போய்விட்டதாம். அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது அந்த அலுவலகப் பெண்மணி மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, கட்டத்தில் "சான்று இல்லை" என்று எழுதினார். இன்றைக்கும் எந்தக் கட்டத்தைப் பார்த்தாலும் பேனாவை மூடிவைத்துவிடுவேன்.

இந்த வருஷம்தான் முதல் சரியான வேலை. மருத்துவமனை மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஒரு சின்ன கம்பெனி. ஆறு மாதம் பார்ப்பார்கள், பிடிக்காவிட்டால் காரணம் சொல்லாமல் அனுப்பிவிடலாம். நான் சென்னைக்குக் கிளம்பும்போது ஐந்தாவது மாதம்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு மருத்துவமனையில் இருபது மென்பொருள் இருக்கும், ஒன்று பேசுவது இன்னொன்றுக்குப் புரியாது. நடுவில் நின்று வாங்கி, மாற்றி, உரிய இடத்தில் சேர்ப்பதற்கென்றே ஒரு ஃப்ரேம்வொர்க் இருக்கிறது. "இங்கே வருவதை எடு, இப்படி மாற்று, அங்கே கொடு" என்று ஒவ்வொரு வழியாக எழுதிவிட்டால் அது ஓட்டிக்கொண்டே இருக்கும். பெரும்பாலோர் அதை இன்னொரு பெரிய ஃப்ரேம்வொர்க்கின் மடியில் உட்காரவைத்து ஓட்டுகிறார்கள். கோடின் ஒவ்வொரு உறுப்பையும் பொருள் என்போம்; அதன் தலையில் ஒரு குறி வைத்தால் போதும், யாருக்கு எது வேண்டும் என்று அதுவே தேடிச் செருகிவிடும். கல்யாணத்தைக் காண்ட்ராக்டரிடம் விட்ட மாதிரி.

எங்களுக்கு மருத்துவமனை கொடுத்த இயந்திரம் சின்னது, பழையது. அந்தச் சுமையெல்லாம் வேண்டாம், வெறும் கோடிலேயே செய்யலாம் என்று நான்தான் சொன்னேன். அப்படிச் செய்தால் தானாக எதுவும் நடக்காது. ஒவ்வொரு பொருளையும் நானே உண்டாக்கவேண்டும், பெயர் சொல்லிப் பதியவேண்டும், எந்த வழிக்கு எது என்று கையில் எடுத்துக் கொடுக்கவேண்டும், பிறகுதான் ஓடு என்று சொல்லவேண்டும். முதல் நாள் ஓடு என்றேன், ஓடியது, ஒரு நொடியில் நின்றுவிட்டது. கடையைத் திற என்று சொன்னவள், திறந்தே வை என்று சொல்லவில்லை. அதற்கும் ஒரு வரி எழுதவேண்டியிருந்தது.

குழுவில் பலருக்கு இது பழங்காலத்து வேலையாகத் தெரிந்தது. பெரிய ஃப்ரேம்வொர்க் தெரியாததால்தான் இப்படிச் செய்கிறாள் என்று நினைத்திருப்பார்கள், பாதி உண்மையும்கூட. ஆனால் எனக்கு இதில் ஒரு நிம்மதி இருந்தது. எந்தப் பொருளைக் காட்டி "இது யார் கொடுத்தது?" என்று கேட்டாலும், விரல் வைத்துக் காட்ட ஒரு வரி இருக்கும். பயந்த சுபாவம் உள்ளவர்களுக்கு அது பெரிய விஷயம்.

4

கூவும் பழக்கத்தை நான் விடவில்லை. ஜெர்மனியில் எனக்கு டிக் சொன்னது அனுதான். அவளுக்கு எட்டு, ஒன்பது வயதில் அது ஒரு விளையாட்டு. நான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் வகுப்புக்கு எழுதிய கோடை வரி வரியாகப் படிப்பேன், ஒவ்வொரு பொருளுக்கும் "யார் கொடுத்தது?" என்று அவள் கேட்கவேண்டும், நான் வரியைக் காட்டியதும் டிக் போடுவாள். தப்பைக் கண்டுபிடித்தால் ஒரு சாக்லேட். அவள் நிறைய சாக்லேட் தின்றாள்.

பதிமூன்று வயதில் ஒருநாள், தோழி வீட்டுக்கு வந்திருக்கும்போது சத்தமாகப் படிக்காதே என்றாள். பிறகு தோழி இல்லாதபோதும் வேண்டாம் என்றாள். தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். அதுவும் ஒரு காதில் இயர்போனோடு. நானும் வற்புறுத்தவில்லை. அவளைப் பிடித்து உட்காரவைத்தால் இன்னும் தள்ளிப் போய்விடுவாளோ என்ற பயம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஹைக்கே, எல்லாப் பொருளையும் உண்டாக்கிக் கொடுக்கிற என் மெயின் கோப்பைப் பார்த்துவிட்டு, ரொம்ப நீளமாக இருக்கிறது, பிரித்து வை என்றார். நியாயம்தான். அதில் இரண்டு வழிகள் இருந்தன. வார்டிலிருந்து மருந்துச் சீட்டு மருந்தகத்துக்குப் போகிற வழி ஒன்று. அவசரப் பிரிவிலிருந்து போகிற வழி இன்னொன்று. மருந்தகத்தில் ஓர் இயந்திரம் நோயாளிவாரியாக மாத்திரையைப் பொட்டலம் போடும். அவசரப் பிரிவில் சேர்ந்தவரை வார்டுக்கு மாற்றினால் அதே சீட்டு இரண்டு வழியாகவும் வரும். அதனால் நடுவில் ஒரு கொடுத்தாச்சு நோட்டு வைத்திருந்தேன். சீட்டு எண் ஏற்கெனவே நோட்டில் இருந்தால் இரண்டாவதை நிறுத்திவிடும்.

அதுவரை வார்டு வழி மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவசரப் பிரிவு வழி அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் திறப்பதாக ஏற்பாடு.

பெட்டி பாதி கட்டியபடி கிடந்தது. சேகர் இரவு டியூட்டி, லீவு கிடைக்காததால் அவர் வரவில்லை. நான் சாயங்காலமே வீட்டில் உட்கார்ந்து கோப்பை இரண்டாகப் பிரித்தேன், சோதனைகளை ஓட்டினேன், எல்லாம் பச்சை, அதாவது பாஸ். அனுப்பிவிட்டு மடிக்கணினியை அலுவலகத்தில் கொண்டுபோய் ஒப்படைத்தேன், நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக்கூடாது என்று விதி. யாருக்கும் படித்துக் காட்டவில்லை. அனு அவள் அறையில் இருந்தாள். கூப்பிட்டிருக்கலாம்.

5

திங்கட்கிழமை காலை அனுவைக் கூட்டிக்கொண்டு கொட்டிவாக்கத்திலிருந்து தி.நகர் போனேன். தம்பியும் அம்மாவும் இப்போது கொட்டிவாக்கத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள். மறுநாள் படையலில் வைக்க ஒரு வேட்டி, அம்மாவுக்கு ஒரு புடவை, அவ்வளவுதான் வாங்கவேண்டியது. வேறு கடைக்குப் போயிருக்கலாம். கால் பழைய கடைக்கே போயிற்று.

பரிமளா இப்போது தரைத்தளத்துக்கே சூப்பர்வைசர். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னாடி தேவகி, இப்பிடி எளச்சு கீற? அங்க சோறு போடறதில்லியா?" என்றாள். அனுவை மேலிருந்து கீழே பார்த்து, "உன்னுதா இது? உங்க வூட்ல யாரும் இவ்ளோ ஒசரம் கெடையாதே" என்றாள். அனு மனப்பாடம் செய்ததுபோல வணக்கம் சொன்னாள். பரிமளாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஆடித் தள்ளுபடிக் கூட்டம். டெலிவரி கவுண்டரை இரண்டாக்கியிருந்தார்கள். ஆனால் இரண்டாவது கவுண்டரில் இருந்த பெண் ஒவ்வொரு பொட்டலத்தையும் கொடுத்துவிட்டு, எட்டிக் குனிந்து முதல் கவுண்டரில் கிடந்த நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முதுகு வலிக்குமே என்றேன். அவளுக்குத் தனியாக ஒரு நோட்டு வைத்தால் என்ன?

"உனக்கு வெளியூர் போயி மூள மழுங்கிப் போச்சு" என்றாள் பரிமளா. "தனியா வெச்சா இவ குடுத்தது அவளுக்கு எப்பிடிறீ தெரியும்? கவுண்டர் பத்து போடு. நோட்டு ஒண்ணுதான்."

நான் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது.

கோப்பைப் பிரித்தபோது நோட்டு எங்கே போயிற்று? இரண்டு வழிக்கும் ஒரே நோட்டைக் கொடுத்தேனா? வார்டுக் கோப்பு கண்ணுக்குத் தெரிந்தது. அவசரப் பிரிவுக் கோப்பும் தெரிந்தது. நடுவில் நான் நோட்டை எடுத்துக் கொடுக்கிற வரி மட்டும் ஞாபகத்தில் இல்லை. எவ்வளவு யோசித்தாலும் பெட்டியில் மடித்து வைத்த துணிகள்தான் வந்தன.

சுவர்க் கடிகாரம் பத்தே முக்கால் காட்டியது. பிரெமனில் ஏழேகால். பத்து மணிக்குத் திறப்பார்கள்.

6

உடனே போன் செய்திருக்கவேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். நான் பத்து நிமிஷம் செய்யவில்லை. அதை மறைக்க விரும்பவில்லை.

போன மாதம் மட்டும் இரண்டு முறை இப்படி நான் கூப்பாடு போட்டிருக்கிறேன். இரண்டு முறையும் ஒன்றுமில்லை. என் பக்கத்து மேஜைக்காரர் யோனாஸ் நல்ல மனிதர். அவரே ஒருநாள் தீயணைப்பு மணியைக் காட்டி, இது தேவகியின் தம்பி என்று சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவது தடவையும் பொய்யானால் ஐந்தாவது மாதத்தில் ஒருத்தியைப் பற்றி என்ன முடிவெடுப்பார்கள்? உண்மையானால் அதைவிட மோசம். வெறும் கோடில் கையால் கட்டலாம் என்று அடம்பிடித்தவள் நான். பெரிய ஃப்ரேம்வொர்க்காக இருந்தால் ஒரே நோட்டைத் தானாக இரண்டு பேருக்கும் கொடுத்திருக்கும். சான்று இல்லை என்று அந்தப் பெண்மணி எழுதியது எவ்வளவு சரி என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

பேசாமல் இருந்தால்? நர்ஸ் கவனிப்பார். சேகர் கவனிப்பார், இதே மாதிரி வந்த இரட்டைப் பொட்டலத்தை அவரே ஒருமுறை திருப்பி அனுப்பியிருக்கிறார். ஆனால் பன்னிரண்டு மணி நேர டியூட்டியின் கடைசியில் அவர் வீட்டுக்கு வரும்போது சட்டைப் பொத்தானையே மாற்றிப் போட்டிருப்பார்.

தரைத்தளத்தில் சிக்னல் கிடைக்கவில்லை. பரிமளா எங்களை நாலாவது மாடியில் ஊழியர்கள் சாப்பிடும் அறைக்குக் கூட்டிப் போனாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள். யோனாஸ் எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. பதினொன்று பத்துக்கு அவரே கூப்பிட்டார்.

எனக்குப் பயம் வந்தால் மொழி போய்விடும். ஜெர்மன் போய்விடும், ஆங்கிலமும் கூடவே போய்விடும். வணக்கம் சொன்னேன், நோட்டு என்றேன், இரண்டு என்றேன், அதற்குமேல் ஒரு வாக்கியம் வரவில்லை. அந்தப் பக்கம் யோனாஸ் பொறுமையாக, லீவில் இருக்கிறீர்கள், நிம்மதியாக இருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அனு இயர்போனைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

"சொல்லு அம்மா. நான் அவருக்குச் சொல்றேன்."

சொன்னேன். அவள் ஒரு நொடி யோசித்தாள். "ஒரு தப்பு நடந்து இருக்கலாம், அப்படி சொல்லட்டுமா?"

"அப்படிச் சொல்லாதே. நான் தப்பு பண்ணியிருக்கேன்னு சொல்லு."

"ஆனா உனக்கு நிச்சயம் இல்லையே."

"இல்ல. அதையும் சொல்லு."

அவள் சொன்னாள். நான் பதினொரு வருஷத்தில் ஒருமுறைகூட அவ்வளவு நேராகச் சொன்னதில்லை. யோனாஸ் சோதனை முடிவுகளைப் பார்த்தார். சோதனைகள் எல்லாம் பச்சைதான் என்றார். எனக்கும் தெரியும். சோதனைக் கோப்பில் ஒரே நோட்டை இரண்டு வழிக்கும் நானே கையால் கொடுத்திருந்தேன். அதனால் அங்கே பச்சையாகத்தான் இருக்கும்.

சரி, தேடிப் பார்க்கிறேன் என்றார். விசைகளின் சத்தம். பிறகு அனு சொன்னாள்: "மொத்த கோட்லயும் ஒரே ஒரு இடத்துலதான் புது நோட்டு பண்றாங்களாம். ஒண்ணுதான் இருக்காம். எல்லாம் சரியா இருக்காம்."

போன் மேஜைமேல் கிடந்தது. அந்தப் பக்கம் அவர் சிரிக்காமல் இருக்கப் பார்ப்பது தெரிந்தது. நன்றி என்று சொல்லி வைத்துவிடலாம். மூன்றாவது பொய்க் கூப்பாடு என்றாலும் பொய்யாகவே முடிந்துவிட்டது. எனக்கு அப்போது வேண்டியிருந்தது அதுதான். அனுவும் போனை எடுக்கக் கை நீட்டினாள்.

"இரு" என்றேன். "எத்தனை இடத்துல இருக்குன்னு கேக்கல. யார் கொடுத்ததுன்னு கேளு. மெயின்லேருந்து ஆரம்பிச்சு, ஒவ்வொரு வரியா அவரைச் சத்தமா படிக்கச் சொல்லு."

அனு என்னைப் பார்த்தாள். பிறகு கேட்டாள். அந்தப் பக்கம் மெயினைத் திறக்கும் விசைச் சத்தம். பிறகு யோனாஸ் படிக்க ஆரம்பித்தார்.

அவர் ஜெர்மனில் ஒரு வரி, அனு அதைத் தன் ஓட்டைத் தமிழில் ஒரு வரி. பரிமளாவுக்கு ஒரு எழுத்தும் புரிந்திருக்காது. ஆனால் ஒருத்தி படித்தால் சும்மா இருக்க அவளால் முடியாது. ஒரு பழைய பில்லைத் திருப்பிப் போட்டு, அனு ஒவ்வொரு வரியை முடித்ததும் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். "இது மருந்தக மெஷின். மெயின் கொடுத்தது." கோடு. "இது சீட்டு மாத்தறவன். அதுவும் மெயின்." கோடு. "இது வார்டு வழி." கோடு.

"வார்டு வழிக்கு நோட்டு" என்றாள் அனு. "இது... மெயின் கொடுக்கல. வழியே போய் வாங்குது. ஒரு சின்ன இடம் இருக்கு, பேர் 'நோட்டு கொடு'. அங்க போய்க் கேக்குது."

"சரி. மேல படிக்கச் சொல்லு."

ஆறேழு வரி போயிற்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு.

"அவசர வழி. அதுக்கும் நோட்டு..." அனு நிறுத்தினாள். யோனாஸும் நிறுத்தியிருந்தார். "அம்மா, இதுவும் 'நோட்டு கொடு' கிட்டயே போகுது. அங்க போனா அது என்ன பண்ணும்? இருக்கறத கொடுக்குமா, இல்ல ஒவ்வொரு தடவையும் புதுசு பண்ணுமா?"

புதுசுதான் பண்ணும். எழுதியவள் நான். எழுதியிருந்தது ஒரே இடத்தில்தான், ஆனால் கேட்கிறவர்களுக்கெல்லாம் புது நோட்டு கிழித்துக் கொடுக்கிற இடம். இரண்டு பேர் கேட்டார்கள், இரண்டு நோட்டு.

யோனாஸ் என்னவோ சொன்னார், மெதுவாக. அதை அனு மொழிபெயர்க்கவில்லை. எனக்கே புரிந்தது: நீங்கள் சொன்னது சரி. பதினைந்து நிமிஷத்தில் அவர் ஹைக்கேவை எழுப்பாத குறையாகப் பிடித்துப் பேசி, திறப்பை நிறுத்திவிட்டதாகச் செய்தி அனுப்பினார். இங்கே மணி பன்னிரண்டு ஆகவில்லை.

பரிமளா பில்லைத் திருப்பிப் பார்த்தாள். நோட்டு வந்த இரண்டு வரிக்கும் கோடு போடாமல் இடம் விட்டிருந்தாள். "எப்பிடிடி தெரிஞ்சுது?" என்றேன். "இன்னா தெரியும் எனக்கு? உம் பொண்ணு மூஞ்சியப் பாத்தேன்" என்றாள். பிறகு எழுந்து, "வேட்டி வாங்க வந்தியா, ஆஸ்பத்திரி பாக்க வந்தியா? வா, கீழ கூட்டமா கீது."

7

மறுநாள் அப்பாவுக்குப் படைத்தோம். ஹைக்கேவின் மின்னஞ்சல் அதற்குள் வந்துவிட்டது. இரண்டே வரி. திரும்பி வந்ததும் வியாழக்கிழமை ஒன்பது மணிக்குப் பேசவேண்டும். மெயின் கோப்பை அச்செடுத்துக்கொண்டு வரவும்.

பாக்கி நாட்களில் நான் என்ன சாப்பிட்டேன் என்று தெரியாது. பாபு கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டான். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. விமான நிலையத்தில் பெட்டியை இறக்கிவிட்டு, "வேல போனா போவுதுக்கா. நீ போன் பண்ணது போவாது" என்றான். அவனுக்கு முழுக் கதையும் தெரியாது. அனு ஏதோ சொல்லியிருக்கவேண்டும்.

வியாழக்கிழமை ஹைக்கே என்னைத் திட்டவில்லை. ஒரு கேள்வி கேட்டார்: நீ கூப்பிட்டிருக்காவிட்டால் இதை வேறு யார் கண்டுபிடித்திருப்பார்கள்? யாருமில்லை என்றேன். அதுதான் என் கவலை, உன் தப்பு இல்லை, என்றார். எல்லா இணைப்பும் ஒருத்தி கையால் கட்டியது, அந்த ஒருத்தி விமானத்தில் இருந்தாள். அடுத்த வருஷம் புது இயந்திரம் வந்தால் பெரிய ஃப்ரேம்வொர்க்குக்கு மாறுவதா என்று யோசிக்கப்போவதாகவும் சொன்னார். சரி என்றேன்.

பிறகு அச்செடுத்த தாள்களை யோனாஸிடம் கொடுத்து, என்னைப் பார்த்து, நீ சென்னையில் செய்ததை இங்கே செய்து காட்டு என்றார். யோனாஸ் படித்தார், நான் கோடு போட்டேன். இப்போது நோட்டு ஒன்றுதான், மெயினிலேயே உண்டாக்கி இரண்டு வழிக்கும் கையில் கொடுத்திருந்தது. முழுதும் படிக்க இருபது நிமிஷம் ஆனது. அன்றிலிருந்து எங்களிடம் ஒரு விதி. மெயின் கோப்பைத் தொட்டவர் தவிர இன்னொருவர் அதைச் சத்தமாகப் படித்தாகவேண்டும். தி.நகர் கடையில் முதல் மாதத்திலேயே இருந்த விதி.

ஆறாவது மாதம் முடிந்து, வேலை நிலையானது என்று கடிதம் வந்தது. கூடவே ஒரு படிவம். அதில் அதே கல்விக் கட்டம். அதை இன்னும் நிரப்பவில்லை.

போன வாரம் மாலை மறுபடி ஒரு வழி சேர்க்கவேண்டியிருந்தது. சாப்பாட்டு மேஜையில் தாளை வைத்துக்கொண்டு, முணுமுணுப்பாக எனக்கே படித்துக்கொண்டிருந்தேன். அனு எதிரே உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தாள். கேட்கிறாளா இல்லையா என்று பார்க்கவில்லை. பார்த்தால் எழுந்து போய்விடுவாளோ என்று தாளிலேயே கண்ணை வைத்திருந்தேன். ஐந்தாறு வரி போனது.

"நில்லு" என்றாள், போனிலிருந்து நிமிராமல். "இந்த நோட்டு. யார் கொடுத்தது?"

பதில் நாக்கில் இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை. தாளைத் திருப்பி, மேலே போய், விரல் வைத்துத் தேடினேன். பதினாலாவது வரி.

"நான்" என்றேன். "இங்கே."

எட்டிப் பார்த்தாள்.

"டிக்" என்றாள்.